பாசி அடுப்பில் காய்ந்த ஷூ

எஞ்சினைக் கிளப்பிய அன்று அங்கே இருந்தவர்கள் லேப் மேடம், மெக்கானிக், டிரைவர், நான். நம் பெரியவளுடைய அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

தொட்டியில் வளரும் பாசியை வழித்து, மின் அடுப்பில் மொறுமொறுவென்று காயவைப்பது என் வேலை. அதிலிருந்து எண்ணெய் இறக்கி டீசல் ஆக்குகிறார்கள். அதில் எஞ்சின் ஓடினால்தான் எங்களுக்கு லீவு. போன மாதம், மழையில் நனைந்த ஷூவை டிரைவர் அந்த அடுப்புக்குள் வைத்துவிட்டான். பாசியில் ஈரம் நின்று, டீசலுக்குப் பதில் சோப்புக்கூழ் வந்தது. என் லீவும் ஒரு மாதம் தள்ளிப் போனது.

"ஷூ நல்லா காஞ்சுதாப்பா?" என்றேன்.

"சாக்ஸும் காஞ்சிருச்சும்மா!" என்று இளிக்கிறான்.

இந்த முறை அடுப்பை விட்டு நான் நகரவில்லை. எஞ்சின் இருமிக்கொண்டே கிளம்பி, சீராக ஓடியது. மேடம் அழுதேவிட்டார்.

"பழசை விடுங்கம்மா" என்று டிரைவருக்காக என்னிடம் பரிந்து பேசினான் மெக்கானிக்.

லீவு கிடைத்துவிட்டது. என் தலையணையை வெயிலில் போட்டு வையுங்கள். வாசல் பல்பையும் மாற்றுங்கள். வெளியே டிரைவர் ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன். இதைத் தபாலில் சேர்க்கப் போகிறவனும் அவன்தான். ஆனால் பேத்தி முதல் அடி வைத்ததை நான் உங்கள் கடிதத்தில் படிக்கும்படி ஆயிற்றே! யாரை மன்னித்தாலும் அந்த டிரைவரை மன்னிக்க மாட்டேன்.