ஆணியில் இல்லாத சாவி

அண்ணா,

காலையில் வண்டிச் சாவியை ஆணியில் தேடாதே. அங்கே இந்தக் கடிதம்தான் தொங்கும்.

"பெரம்பலூர்லேர்ந்து அரியலூர் வரைக்கும் சுண்ணாம்புக்கல் லாரி ஒண்ணு விடாம முந்தணும், பிரேக்கே புடிக்கக் கூடாதுடா" என்று நாளைய பந்தயத்தைப் பற்றி நீ போனில் பேசியதைக் கேட்டேன்.

இரண்டு சாவியையும் சாயங்காலமே கருப்பசாமி கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன். வண்டி வந்த அன்று சாவியை வைத்துக் கும்பிட்டாயே, அதே கோயில். உண்டியலில் விழுந்தது சாமிக்குச் சொந்தம். ஆடித் திருவிழாவுக்குத்தான் திறப்பார்கள். முன்னாலேயே திறக்கச் சொன்னால் ஊரிடம் காரணம் சொல்ல வேண்டும். நீ சொல்லமாட்டாய்.

எனக்கும் அந்த வண்டி பிடிக்கும். டியூஷன் வாசலில் நீ வந்து நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் போன வாரம் நூற்று நாற்பதில் போனபோது, "பயந்தாங்கொள்ளி, கெட்டியாப் புடிச்சுக்க" என்று சிரித்தாய். நான் கட்டிக்கொண்டிருந்த உன் முதுகும் அப்போது நடுங்கியது.

அம்மா புரண்டு படுக்கிறாள். பயத்தில் எழுத்து கோணலாகிறது. ஆனாலும் நான் செய்தது சரிதான்.

காலையில் என்னை அடிப்பாய். அடித்துக்கொள். அடிப்பதற்கு நீ வீட்டில் இருப்பாய்.

உன் பயந்தாங்கொள்ளித் தங்கை