மூணாம் லைன் மெட்டு

ஜூலை 13, ஞாயிறு

எங்கள் பாட்டின் போஸ்டரில் என் பெயர் எங்கே வர வேண்டும் என்பதற்காக இன்று இளம்பரிதியோடு சண்டை. ‘இசை: இளம்பரிதி, குரல்: யுவஸ்ரீ’ என்று போட்டு வைத்திருக்கிறான். குரலாம்! பல்லவியும் சரணமும், மெட்டு முழுக்க நான் போட்டது. துணி துவைக்கும்போது தானாக வந்தது. மறந்துவிடக் கூடாதென்று ஈரக் கையோடு போனில் பாடிப் பதிந்து அவனுக்கு அனுப்பினேன். அவன் தாளம் சேர்த்தான், கிடார் சேர்த்தான். நன்றாகவே செய்திருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொம்பளை என்றால் குரல் மட்டும்தானா?

“எல்லாப் பாட்டுக்கும் அப்படித்தான போடறாங்க” என்றான்.

“எல்லாரும் கெணத்துல குதிச்சா நீயும் குதிப்பியா? மெட்டு என்னுது. என் பேரு முதல்ல வரணும். இல்லன்னா பாட்டே வேணாம், விடு.”

பாகலூர் ரோட்டில் அவன் வீட்டு மாடி அறையில், அவன் அம்மா வைத்துவிட்டுப் போன போண்டா ஆறிப்போகும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் மாற்றினான். ‘மெட்டு: யுவஸ்ரீ. இசைக்கோர்ப்பு: இளம்பரிதி.’ அவன் வேறொரு கம்பெனியில், அச்சுகள் கடையும் டூல் ரூமில் இருப்பவன். மயிரிழை அளவு பிசகினாலும் ஒத்துக்கொள்ளாத ஆள். அவனே ஒத்துக்கொண்டான் என்றால் நான் சொன்னது சரிதான்.

ஜூலை 20

ஓவர்டைம். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கெலவரப்பள்ளி அணையில் வீடியோ எடுத்தோம். ஆற்றில் கழிவு நுரை மலை மாதிரி வந்துகொண்டிருந்தது. ‘பனி மாதிரி இருக்குது, காஷ்மீர்னே நெனச்சுக்குவாங்க’ என்றான் இளம்பரிதி. நாற்றம் வீடியோவில் தெரியாது என்பதால் மூக்கைப் பிடிக்காமல் சிரித்துக்கொண்டே பாடினேன். கேமரா பிடித்தது என் ரூம்மேட் பவளம். சிவகங்கைக்காரி, ரோஜாப்பூ பேக்கிங் கம்பெனியில் வேலை. பூவைப் பிடிக்கிற மாதிரியே போனையும் பிடித்தாள், ஆடவே இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

‘கொஞ்சம் நில்லேன்’ பாட்டு எங்கள் யூடியூப் சேனலில் வெளிவந்துவிட்டது. மெட்டு: யுவஸ்ரீ. பத்து தடவையாவது அந்த வரியைப் பார்த்திருப்பேன்.

கெலமங்கலத்திலிருந்து அம்மா போன் செய்தாள். “பாட்டு நல்லாதான் இருக்குது. கூட நிக்கிறானே, யாரு அந்தப் பையன்?” வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். கறாராகக் கேட்க வேண்டியதை மட்டும் அம்மா தமிழில் கேட்பாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

காலையில் கம்பெனி பஸ்ஸில் டிரைவரண்ணன், “நம்ம பொண்ணு பாட்டு” என்று சொல்லிப் பாட்டைப் போட்டார். முன்னிசை முடிந்து பல்லவி தொடங்கியது. பஸ்ஸில் பாதிப் பேர் சட்டென்று தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். பின் சீட்டிலிருந்து ஜெயமணி கத்தினாள்: “ஏய், லைன் நின்னுடுச்சுடோய்!”

பஸ்ஸே சிரித்தது. எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் தூக்கிவாரிப் போட்டது.

மீட்டர் தயாரிக்கும் எங்கள் அசெம்பிளி லைனில் ஒவ்வொருத்தர் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கும். ஏதாவது பிசகினால் இழுக்க வேண்டும். லைன் நிற்கும், மேலே போர்டில் சிவப்பு விளக்கு எரியும், ஸ்பீக்கரில் ஒரு சின்ன இசை வரும். எந்த லைன் நின்றதென்று மெயின்டனன்ஸ்காரர்களுக்குத் தெரிவதற்காக லைனுக்கு ஒரு இசை. யாராவது வந்து பட்டனை அழுத்தும்வரை அதுவே திரும்பத் திரும்ப. எங்கள் மூணாம் லைன் இசையை மூன்று வருஷமாகத் தினம் கேட்கிறேன். கேட்கிறேன் என்றா சொல்வது? ஃபேன் சத்தத்தை யார் கேட்கிறார்கள்?

அதுதான் என் பல்லவியின் முதல் வரி. ஒரு சுரம் மாறவில்லை. போதாததற்கு அதற்கு நான் போட்ட வார்த்தை ‘கொஞ்சம் நில்லேன்’. கடவுளே.

டீ நேரத்துக்கு முன்னால் நிஜமாகவே லைன் நின்றது. இசை வந்தது. போர்டைப் பார்க்காமல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லைன் லீடர் முனிசாமி அண்ணன் மட்டும் சும்மா இருப்பாரா? “ஏம்மா, மெட்டு யுவஸ்ரீன்னு போட்டியே, நம்ம லைன் பேரையும் சேத்துப் போட்டிருக்கலாமில்ல?”

நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

ஆகஸ்ட் 21

பாட்டு பிய்த்துக்கொண்டு போகிறது. எதற்காகப் போகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்த போர்டும் இசையும் வேறு கம்பெனிகளிலும் உண்டாம். வீடியோவுக்குக் கீழே சூளகிரியிலிருந்து ஒருத்தர், ‘எங்க பிளான்ட்லயும் இதே மியூசிக்தான், கேட்டதும் கை தானா மேல போவுது’ என்று எழுதியிருக்கிறார். அத்திப்பள்ளியிலிருந்து ஒருவர் கன்னடத்தில், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். சிரிக்கிற பொம்மைகளாகக் கொட்டிக்கிடக்கின்றன.

நடுவில் ஒன்று: ‘மெட்டு யுவஸ்ரீயாம். வெக்கமா இல்ல?’

அதை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இளம்பரிதியிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சொல்லப் போனேன். அவன் ஏற்கெனவே எல்லாவற்றையும் படித்திருக்கிறான்.

“போண்டா ஆறிப்போற வரைக்கும் மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தியே. பேரு முதல்ல வரணும்னு அடம் புடிச்சியே. எதுக்கு? மெஷின் போட்ட மெட்டுக்கா?”

“சத்தியமா தெரியாதுடா.”

“டெய்லி கேக்கற சத்தம் உனக்குத் தெரியாதா? என்னையும் சேத்துத் திருடன்னு சொல்றாங்க யுவா.”

தெரிந்தே ஏமாற்றினேன் என்று நினைக்கிறான். அதுதான் தாங்கவில்லை. என் பேரை எடுத்துடு, போ, குரல்னே போட்டுக்கோ என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். வழியெல்லாம் அழுகையை அடக்கினேன், ரூமுக்கு வந்ததும் உடைந்துவிட்டது. பவளம் தட்டில் சோறு போட்டு நீட்டினாள். “அழுறதுக்கும் தெம்பு வேணும்டி. முதல்ல தின்னு, பெறகு உக்காந்து அழு.”

தின்றேன். அப்புறம் அழுகை வரவில்லை.

ஆகஸ்ட் 31

போன் எடுக்கமாட்டேன் என்கிறான். திருடன் பட்டம் வேண்டாமென்றால் பாட்டிலிருந்து அவன் பேரை அவன் எடுத்துக்கொள்ளட்டும். நான் எடுக்கச் சொன்ன என் பேரையும் எடுக்கவில்லை, அது ஏனென்று தெரியவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

இரண்டு வாரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். முதல் வரி என்னுடையது இல்லை. அதில் சந்தேகமில்லை. ஆனால் லைனில் அந்த இசை முதல் வரியோடு முடிந்து மறுபடி ஆரம்பத்துக்கே போய்விடும். அங்கிருந்து மேலே ஏறிப் போய், சரணத்தில் இறங்கி, திரும்பி வருவது முழுக்க நான். அதை எவனுக்கும் விட்டுத்தர மாட்டேன். என்னுடையதல்லாததற்கும் சேர்த்துச் சண்டை போட்டதும் நான்தான், அதையும் மறைக்க மாட்டேன்.

சேனலின் பாஸ்வேர்டு எனக்கும் தெரியும். வீடியோவுக்குக் கீழே எழுதினேன்: ‘முதல் வரி எங்கள் லைன் நிற்கும்போது வரும் இசை. காதில் கிடந்தது, எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. மற்றது நான் போட்டது.’ பெயர்களையும் மாற்றினேன். ‘மெட்டு: மூணாம் லைன், யுவஸ்ரீ.’

செப்டம்பர் 8

இளம்பரிதி போன்.

“யாரைக் கேட்டு மாத்துன?”

“யாரையும் கேக்கல.”

“லைன் பேரை முதல்ல போட்டிருக்க.”

“அதுதான முதல்ல வருது.”

சிரித்துவிட்டான். எங்க டூல் ரூம் கிரைண்டிங் மெஷின் சத்தமும் தாளத்துல வந்திருக்குமோன்னு இப்ப எனக்கே பயமா இருக்குது என்றான். மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, கயிறுகளிலெல்லாம் சாமந்திச் சரம் சுற்றியிருந்தோம். பூசணிக்காய் உடைத்துப் பொரி கொடுத்ததும் முனிசாமி அண்ணன் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். “பாடும்மா, நம்ம லைன் பாட்டு.”

கேலி செய்வதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். பாடினேன். ‘கொஞ்சம் நில்லேன்’ என்றதும் மூணாம் லைன் மொத்தமும் கையைத் தூக்கி, இல்லாத கயிற்றை இழுத்தது. அடுத்த தடவை மற்ற லைன்காரர்களும் இழுத்தார்கள். மூன்றாம் தடவை மேனேஜர் சாரும்! நான்காம் தடவை மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினேன். அவர்களே பாடினார்கள். சரணம்கூட எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சரணம் நான் போட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

முனிசாமி அண்ணன் ஆசையாக என் பாட்டை ரிங்டோனாக வைத்துக்கொண்டார். எங்கள் போன்கள் லாக்கரில் இருக்கும். லைன் லீடர்களுக்கு மட்டும் உள்ளே கொண்டுவர அனுமதி உண்டு. அவர் வீட்டம்மா போன் செய்ய, மெயின்டனன்ஸில் இரண்டு பேர் பெட்டியோடு ஓடிவந்தார்கள். லைனோ அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் நிஜமாகவே லைன் நின்றது. போன்தான் அடிக்கிறது என்று ஒருத்தரும் வரவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

நோட்டீஸ் போர்டில் போட்டுவிட்டார்கள். மூணாம் லைனின் இசை இன்றிலிருந்து மாற்றப்படுகிறது. முனிசாமி அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. புது இசை ஏதோ டொய்ங் டொய்ங் என்றிருக்கிறது. பழையதை நினைத்தால் பாவமாக இருந்தது. என்னால் அதற்கு வேலை போய்விட்டது.

ஜனவரி 8, வியாழன்

புது பேட்ச் வந்திருக்கிறது. ஹரிணி என்று காவேரிப்பட்டணத்துப் பெண், என் பக்கத்து ஸ்டேஷனில்தான் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் என் பாட்டு வந்ததும் கூடவே முணுமுணுத்தாள். “அக்கா, இது நீங்க போட்ட மெட்டாமே?”

“முதல் வரி என்னுது இல்ல” என்றேன்.

“அதான்க்கா சூப்பரே.”

பின் சீட்டில் ஜெயமணி சிரித்தாள். பழைய இசையைக் கேட்டிராத ஹரிணிக்கு ஏனென்று புரியவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

துணி துவைக்கும்போது ஒரு மெட்டு வந்தது. ஈரக் கையோடு பதிந்துவிட்டேன். நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது. அதுதான் பயம். லைனின் புது இசை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கே வரவில்லை. மூன்று மாதத்தில் அதுவும் ஃபேன் சத்தமாகிவிட்டது.

இளம்பரிதிக்கு இன்னும் அனுப்பவில்லை.

ஜனவரி 12, திங்கள்

காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மற்ற லைன்கள் ஒவ்வொன்றாக நின்று தீர்த்தன. அந்த இசைகளில் எதிலும் என் புது மெட்டு இல்லை. எங்கள் லைன் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது. இவ்வளவு நல்லா ஒரு நாளும் ஓடினதில்லையே என்று முனிசாமி அண்ணனுக்கு ஒரே குஷி. எனக்குத்தான் தவிப்பு. ஷிஃப்ட் முடிய இருக்கும்போது ஹரிணி முடுக்கிய ஒரு ஸ்க்ரூ கோணலாக ஏறிவிட்டது. பயந்து என்னைப் பார்த்தாள்.

“இழு” என்றேன்.

இழுத்தாள். இசை வந்தது. முழுசாக இரண்டு தடவை கேட்டேன்.

அது இல்லை. இது என்னுது.