சாரத்தின் மேல் மஞ்சள் மழைக்கோட்டு

பிப்ரவரி 3, திங்கள்

அகலக் கேமராவின் மெமரி கார்டை அழித்துவிட்டேன். திங்கட்கிழமை வந்தால் இதுதான் முதல் வேலை. என்னிடம் இரண்டு கேமராக்கள். ஒன்றைக் கையால் திருப்பித் திருப்பிப் பந்தைத் துரத்துவேன். அதில் விழுவதைக் கணினியில் ஏற்றிப் பத்திரப்படுத்துவேன். இன்னொன்று, அந்த அகலக் கேமரா, ஆடாமல் அசையாமல் மைதானம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கும். முதலாவது மக்கர் பண்ணினால் உதவும் என்று வாங்கி வைத்தது. இரண்டு வருடமாக அது மக்கர் பண்ணவில்லை, ஆகவே இதை யாரும் பார்த்ததுமில்லை. நானும்தான்.

மதியப் பயிற்சியின்போது மழை. மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக நிற்கும் இரும்புச் சாரத்தின் உச்சியில், மேட்சோ பயிற்சியோ எப்போதும் மாட்டும் மஞ்சள் மழைக்கோட்டோடு, லென்ஸைத் துடைப்பதும் மூக்கைத் துடைப்பதுமாக இரண்டு மணி நேரம். கீழேயிருந்து யாரோ ஒரு பையன், "கேமரா சார், கரைஞ்சிடாதீங்க!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். யார் என்று பார்ப்பதற்குள் திரும்பிவிட்டான்.

கால்பந்து கிளப்பின் இருபத்திரண்டு பையன்கள். யாருக்கு இடது கால் வராது, யார் களைத்தால் இடுப்பில் கை வைப்பான், எல்லாம் எனக்கு அத்துப்படி. அவர்களில் ஒருவனுக்கும் என் பெயர் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பிப்ரவரி 6, வியாழன்

இன்று என்னோடு பேசியவர் வாட்ச்மேன் ஒருவர்தான். "கேட்டைப் பூட்டிடவா சார்?"

பிப்ரவரி 11, செவ்வாய்

தலைக்கு மேல் வேலை. மாதக் கடைசியில் பட்டியல் முடிவாகிறது. பதினேழு வயதுப் பிரிவின் இருபத்திரண்டு பேரில் பதினொருவர் கிளப்பில் தொடர்வார்கள். மற்ற பதினொருவர் விடுதியைக் காலி செய்ய வேண்டியதுதான். ஒவ்வொரு பையனுக்கும் நான்கு நிமிடப் படம் ஒன்றை நான் வெட்டித் தர வேண்டும். முடிவெடுக்கும் ஐந்து பேரில் மூன்று பேர் மைதானத்துப் பக்கமே வருவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை அந்த நான்கு நிமிடம்தான் பையன்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேட்சை ஓடவிட்டுப் பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருப்பேன். பந்தைத் தொட்டால் ஒரு பொத்தான், பாஸ் கொடுத்தால் ஒன்று, பறித்தால் ஒன்று, எதிரணி நம் பெனால்டி கட்டத்துக்குள் புகுந்தால் ஒன்று. கடைசியில் பையனின் எண்ணைக் கொடுத்தால் அவன் துண்டுகளைக் கணினியே கோத்துத் தந்துவிடும்.

ஐந்தாம் எண்ணுக்குத்தான் தேறவில்லை. டிஃபென்ஸில் நடுவே ஆடுகிறவன். பையன்கள் 'தூண்' என்று கூப்பிடுகிறார்கள் — விடுதியில் வாய் திறக்க மாட்டான், மைதானத்தில் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டான் என்று. பதினாறு மேட்சுகளைச் சலித்தும் ஒரு நிமிடம் நாற்பது விநாடிதான் கிடைத்தது.

கோச் எட்டிப் பார்த்தார். "இவ்ளோதானாப்பா? மிச்ச நேரமெல்லாம் பையன் தவமா பண்ணிட்டிருந்தான்?"

நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்கா ஃபோன் செய்தாள். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

"எங்க, கம்ப்யூட்டர் முன்னாடி தட்ட வெச்சுக்கிட்டா?"

இவளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ. பையன்கள் ஒரு மணிக்குச் சாப்பிடுவார்கள். அந்தக் கூடத்தில் தட்டோடு போய் நின்றால் எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாது. வந்த புதிதில் ஒரு நாள் போனேன். நான் உட்கார்ந்ததும் அந்த மேசையில் பேச்சு நின்றுபோனது. அதிலிருந்து தட்டை அறைக்கே கொண்டுவந்துவிடுகிறேன்.

"நாப்பத்தொண்ணு ஆகுதுடா உனக்கு. பேச்சுத் துணைக்காவது ஒரு ஆள் வேணாமா?"

"இங்க இருபத்திரண்டு பேர் இருக்காங்கக்கா."

"அவங்க உன்கூட பேசுறாங்களா?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 26, புதன்

பட்டியல் கூட்டம். படம் ஓட்டுவதற்காக நான் மூலையில். தூணின் படம் சட்டென்று முடிந்ததும் ஒருவர், "என்ன, மெஷின் நின்னுடுச்சா?" என்று கேட்டார். இல்லை சார், அவ்வளவுதான் என்றேன். அடுத்த பையனுக்குப் போய்விட்டார்கள். தூண் வெளியே.

மார்ச் 14 அன்று வீடுகளுக்குக் கடிதம் போகும். அதுவரை யாரும் மூச்சு விடக் கூடாது. திரும்பும்போது வராந்தாவில் தூண் எதிரே வந்தான். "வணக்கம் சார்" என்றான். நான் குனிந்து, கயிறே இல்லாத செருப்பைச் சரிசெய்துகொண்டேன்.

மார்ச் 1, சனி

இன்று நடந்ததை முழுசாக எழுத வேண்டும்.

பலத்த காற்று. சாரத்தில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அகலக் கேமராவும் மேலே ஏறவில்லை. கையிலிருந்த ஒற்றைக் கேமராவோடு நம் கோலுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தரையில்.

தரையில் சத்தம் கேட்கிறது! மேலே காற்றுச் சத்தம்தான். அறையில் படத்தை ஊமையாகத்தான் ஓட்டுவேன். இங்கே ஒரு பையன் விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறான். எட்டு, உள்ள வா. இன்னும் கொஞ்சம். போதும், நில்லு. கீப்பர், நான் இருக்கேன், நீ ஏறிக்கோ. குரல் யாருடையது என்று தேடினால் — தூண்! விடுதியில் இரண்டு வார்த்தை பேசாதவன் தொண்ணூறு நிமிடம் வாய் ஓயவில்லை. பேசிக்கொண்டே இரண்டடி இந்தப் பக்கம், மூன்றடி அந்தப் பக்கம். எதிரணிக்காரன் பாஸ் கொடுக்கத் தலையைத் தூக்குகிறான். அந்த இடத்தில் இவன் ஏற்கெனவே நிற்கிறான். அவன் வேறு பக்கம் பந்தைத் தள்ளிவிடுகிறான். பந்து இவனிடம் வரவே இல்லை. வரவிடாமல் செய்வதுதான் இவன் வேலை.

பாதி ஆட்டத்தில் மூன்றாம் எண்ணைப் பார்த்துக் கத்தினான்: "டேய், பந்தப் பாக்காத! ஆளப் பாரு!"

இரண்டு வருடமாக நான் பந்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 3, திங்கள்

பழைய மேட்சுகளைத் தேடினேன். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. அவன் பந்து இல்லாமல் செய்வதெல்லாம் அகலக் கேமராவில் இருந்திருக்கும். ஒவ்வொரு வாரமும் இருந்திருக்கும். வாராவாரம் என் கையாலயே அழிச்சிருக்கேன். முட்டாள். பெரிய ஒழுங்கு மாதிரி, திங்கட்கிழமை, காலைல, முதல் வேலையா!

பந்து வந்தால்தான் பொத்தான். பந்தை வரவிடாதவனுக்கு என்னிடம் பொத்தானே கிடையாதே. இது எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

கோச்சிடம் சொல்லலாமா? எதைக் காட்டிச் சொல்வது? சனிக்கிழமைப் படத்திலும் பந்துதான், ஒலியில் காற்று இரைச்சல்தான். ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன் என்றா?

மார்ச் 5, புதன்

சொல்லவில்லை. அறை வாசல் வரைக்கும் போனேன்.

மார்ச் 8, சனி

பட்டியலில் இல்லாதவர்களை இனி ஆட வைத்து என்ன பயன் என்று கோச் தூணை வெளியே உட்கார வைத்துவிட்டார். வழக்கமாக இறங்கும் பதினொருவரில் பட்டியலில் இல்லாதவன் இவன் ஒருவன்தான். காரணம் தெரியாத பையன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். நான் மறுபடி சாரத்தின் மேல். நாலுக்கு ஒன்று என்று மண்ணைக் கவ்வினோம். இதே அணியோடு அக்டோபரில் ஆடியபோது கோலே விழாமல் சமன்.

இறங்கும்போதுதான் உறைத்தது. அக்டோபரில் தூண் ஆடினான்.

மார்ச் 10, திங்கள்

கார்டை அழிக்கவில்லை.

சனிக்கிழமை மேட்சை அகலக் கேமராவில் முதல் முறையாகப் பார்த்தேன். நடுவில் பெரிய ஓட்டை. எட்டாம் எண் எங்கே நிற்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். சொல்ல ஆள் இல்லை. எதிரணி நம் கட்டத்துக்குள் புகுந்தது பத்தொன்பது தடவை. அக்டோபர் மேட்சுக்கு என் பழைய பொத்தான் கணக்கை எடுத்துப் பார்த்தேன். நான்கு.

அவன் ஆடியதற்கு என்னிடம் சாட்சி இல்லை. அவன் இல்லாததற்கு இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

கோச்சிடம் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்தார்.

"ஒரு மேட்ச் வெச்சு முடிவு பண்ண முடியாதுப்பா."

"எதிர்ல அதே டீம் சார். அவன் இருந்தப்ப நாலு, இல்லாதப்ப பத்தொன்பது."

"அப்போ நீ கொடுத்த படம்?"

"தப்பு சார்."

"இவனுக்கு மட்டுமா தப்பு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல ஒரே கேள்வி. அவர் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு, "நானும்தான் பக்கத்துல நின்னு பாத்தேன், ரெண்டு வருஷமா. வாயத்தொறக்காத பையன்னு நானே எழுதியிருக்கேன்" என்றார். "நாளைக்குக் கூட்டத்த கூட்டுறேன். இத நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு."

மார்ச் 12, புதன்

சொன்னேன். "நான் வெட்டிக் கொடுத்த படங்களில் பந்து இருந்தது, பையன்கள் இல்லை" என்று நேற்று ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அங்கே நின்றதும் அது மறந்து, "தப்புப் பண்ணிட்டேங்க, அகலக் கேமராவப் பாக்கவே இல்லைங்க" என்று உளறிக் கொட்டினேன். யார் முகத்திலும் ஈயாடவில்லை. ஒருவர் மட்டும், "அப்போ போன வருஷப் பட்டியல்?" என்றார். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். இருபது நிமிடம் கழித்துப் போகச் சொன்னார்கள்.

எனக்கு வேலை இருக்கிறதா என்றும் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கடிதங்கள் அலுவலக மேசையில் இருந்தன. எண்ணினேன். பத்துதான். ஐந்தாம் எண் வீட்டுக்குக் கடிதம் இல்லை. டிசம்பர் வரை வைத்துப் பார்க்கலாம் என்று முடிவாம். பையனுக்கு எதுவுமே தெரியாது. தெரியவும் வேண்டாம்.

கோச் கதவில் சாய்ந்துகொண்டு, "உனக்கும் டிசம்பர் வரைக்கும்தான்பா" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

போன வருடப் படங்களை எடுத்துப் பார்த்தேன். ஆகக் குறைந்த நீளம் ஒரு நிமிடம் ஐம்பது. வலது பக்க டிஃபென்ஸ் ஆடியவன், கன்னத்தில் தழும்பு, ஷூவில் எப்போதும் பச்சைக் கயிறு. பழைய படிவத்திலிருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன். அவன் அம்மா எடுத்தார். கிளப்பிலிருந்து பேசுகிறேன் என்றதும் குரலே மாறிவிட்டது.

"திரும்பக் கூப்பிடுறீங்களா தம்பி?"

இல்லம்மா, சும்மா விசாரிக்கத்தான் என்றேன்.

"அவன் பந்தையே தொடுறதில்ல தம்பி. ஷூவ தூக்கிப் பரண்ல போட்டுட்டான்."

என்ன சொல்லி வைத்தேன் என்று நினைவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும். கேட்டிருக்க வேண்டும். திரும்பக் கூப்பிடப் பயமாக இருக்கிறது. இந்தப் பாவம் என்னோடுதான் இருக்கும்.

ஏப்ரல் 2, புதன்

பத்துப் பேர் போய்விட்டார்கள். விடுதி வராந்தாவில் பாதி அறைகள் திறந்து கிடக்கின்றன. மெத்தைகளை வெயிலில் போட்டிருக்கிறார்கள்.

இப்போது அகலக் கேமராவை எதற்காகவும் அழிப்பதில்லை. சனிக்கிழமை மேட்சில் தூண் நான்கைந்து தடவை சட்டென்று தலையை நிமிர்த்தி மேலே பார்த்துவிட்டுக் குனிகிறான். மழை வருமா என்று பார்க்கிறான் போலிருக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

நான்கு நாள் காய்ச்சல். சனிக்கிழமை மேட்சுக்குப் போக முடியவில்லை. வாட்ச்மேனைக் கெஞ்சி அகலக் கேமராவை மட்டும் மேலே ஏற்றிப் பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தேன். நன்றாகவே செய்திருக்கிறார், ஓரத்தில் அவர் விரல் தெரிவதைத் தவிர.

இன்று அதைப் பார்த்தேன். ஆறாவது நிமிடத்தில் தூண் நிமிர்ந்து பார்க்கிறான். குனியவில்லை. பார்த்தபடியே நிற்கிறான். பதினான்காம் நிமிடத்தில் மறுபடி. முப்பதில் மறுபடி, இம்முறை கண்ணுக்கு மேல் கையை வைத்து. வெயில் அடிக்கிற நாள். மழைக்காகப் பார்க்கவில்லை என்பது எனக்கே புரிந்தது.

ஒரு மணிக்குக் கணினியை மூடிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். கடைசி மேசையில் தூண் தனியாக உட்கார்ந்திருந்தான். எதிரே தட்டை வைத்தேன். அவனே ஆரம்பித்தான்.

"சனிக்கிழம எங்க சார் போயிட்டீங்க?"

"காய்ச்சல்ப்பா. ஏன்?"

"நீங்க நடுக்கோட்டுக்கு நேரா நிப்பீங்கல்ல. ஓடுற அவசரத்துல சாரம் கண்ணுல படாது, அந்த மஞ்சக் கோட்டப் பாத்துதான் நாங்க எவ்ளோ தூரம் ஏறியிருக்கோம்னு கணக்குப் பண்ணுவேன். வந்த நாள்லருந்தே அப்படித்தான். காத்தடிச்ச அன்னைக்குக் கோலுக்குப் பின்னாடியாவது தெரிஞ்சீங்க." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னைக்கு நீங்க இல்லயா, எல்லாமே தப்பிப்போச்சு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"வர்ற சனிக்கிழம இருப்பீங்கல்ல சார்?"

"இருப்பேன்."

"வெயிலா இருந்தாலும் கோட்ட மாட்டிக்குங்க சார்" என்றான்.