மறைத்து வைத்த சிவப்பு

அன்பு சமீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகள் முபீனாவும் நலமா? அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? விருத்தாசலத்தில் வெயில் குறைந்ததா? நான் நலம்.

இங்கே நாங்கள் கட்டப்போகும் ஆஸ்பத்திரியை முதலில் கம்ப்யூட்டரில் முழுவதுமாகக் கட்டிப் பார்ப்போம். அதுதான் என் வேலை. போன மாதம், மூன்றாம் மாடியில் ஏசி குழாய் ஒரு கான்கிரீட் பீமுக்குள் புகுந்து போவதைத் தவறென்று திரை சிவப்பாகக் காட்டியது. மேனேஜரிடம் சொன்னேன். "மீட்டிங் முடியட்டும், அதை மறைச்சு வை" என்றார். மறைத்தேன்.

சைட்டில் குழாய் பீமில் முட்டி நின்றது. அதைத் திருப்ப, பூசி முடித்த சுவர்களை உடைத்தார்கள். நல்லூர் தங்கராசு அண்ணன் நான்கு நாள் தூசியில் இருமிக்கொண்டே உடைத்தார். "இது கம்ப்யூட்டர்ல முன்னாடியே தெரியாதாங்க தம்பி?" என்று கேட்டார். "தெரியாதுண்ணே" என்றேன்.

அதே வாரம், வேலை வேகம் கூடிவிட்டதென்று ஆபீசில் கேக் வெட்டினார்கள். என் துண்டை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். கோபம் மேனேஜர் மேலா, என் மேலா, தெரியவில்லை.

மறுநாள் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். பெரிய அதிகாரிக்கும் எழுதினேன். என்னை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். பயப்படாதே.

இந்தக் கடிதத்தை, ஊருக்கு வரும் மங்கலம்பேட்டை ஷாநவாஸ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது பருப்புப்பொடியும், நீ வேலை செய்யும் செராமிக் கம்பெனிக் கோப்பை ஒன்றும் கொடு. காகிதக் கப்பில் தனியாக டீ குடித்து அலுத்துவிட்டது.

அவருடைய வண்டி வந்துவிட்டது. முபீனா கேட்டால், அத்தா ஆஸ்பத்திரி கட்டுகிறார் என்று மட்டும் சொல்.

உன்
ஃபாயிஸ்