மண்டபத்தில் நீ பேசிய தமிழ்

அக்கா,

இரண்டு வாரமாக இங்கே விடாத மழை. அலமாரியில் இருந்த துணியெல்லாம் பூஞ்சை வாடை அடிக்கிறது என்று உன் தம்பி மனைவி சாந்தி இன்று காலை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள். அடியில் உன் கம்பளிக் கோட்டு இருந்தது. அதையும் உதறிக் கொடியில் மாட்டினாள். கொஞ்சம் வெயில் பட்டதும் பூச்சி உருண்டை வாசத்துக்கு அடியிலிருந்து நீ கைக்குத் தடவும் கிரீமின் வாசம் வந்தது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா எட்டிப் பார்த்து, இதைப் போட்டுக்கொண்டு பினாங்கில் எங்கே போகப் போகிறீர்கள் என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். சாந்தியும் சிரித்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன். பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ கடைசியாக வந்தபோது விட்டுப்போன கோட்டு அது. இங்கிலாந்தின் ஜனவரிக் குளிரில் அதைப் போட்டுக்கொண்டு வந்தாய். சித்திரையில் திரும்பும்போது, "இனிமே அங்க வெயில்தான் தம்பி, பெட்டியில இடத்தை அடைக்குது" என்று இங்கேயே வைத்துவிட்டாய்.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நீ இங்கே நம் பாகான் டாலாம் வீட்டிலிருந்து நர்ஸ் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கிளம்பிப் போன நாளோ, அத்தான் இறந்த பிறகு தாரணியைத் தனியாக வளர்த்த வருடங்களோ இல்லை. அந்த வீடியோதான் வருகிறது. அதை மாற்ற எவ்வளவோ முயன்றுவிட்டேன். முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து இருப்பதா, விலகுவதா என்று பிரிட்டனில் மக்களிடமே வாக்குக் கேட்ட வருடம் அது. அதற்கு முன் உங்கள் ஊரைப் பற்றிப் பேசினால் நீ மீன் விலையையும் மழையையும்தான் சொல்வாய். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் மீன்பிடிப் படகுகள் நிறைந்திருந்த துறைமுகம். அந்த வருடம் நீ வேறு பேச ஆரம்பித்தாய்.

"நான் விலகணும்னுதான் ஓட்டுப் போடப் போறேன்" என்று ஒரு நாள் சொன்னாய். தாரணியின் கணவன் ரூயி போர்ச்சுகல்காரன், பிரிட்டன் ஒன்றியத்தில் இருப்பதால்தான் அவனால் அங்கே தங்கி மின்சார வேலை பார்க்க முடிகிறது என்று எனக்கே தெரியும்போது உனக்குத் தெரியாதா? அதைத்தான் கேட்டேன்.

"ரூயி நல்ல பையன்தான். நான் அவனைப் போன்னா சொல்றேன்? நம்ம அம்மாவை எத்தனை தடவை கூப்பிட எழுதிப் போட்டேன்? வயசான பொம்பள, மக வீட்டுல வந்து இருக்கணும்னு கேட்டதுக்கு விசா இல்லன்னுட்டான். நானோ ராத்திரி ராத்திரியா இந்த வெள்ளக்காரங்க அம்மாக்களுக்கு மலம் அள்ளிக்கிட்டு இருந்தேன். ஐரோப்பாக்காரங்களுக்கு ஒரு பேப்பரும் வேணாம், பெட்டியைத் தூக்கிட்டு வந்தா போதும். இது என்ன நியாயம்?"

அம்மா இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு விட்டபோது பக்கத்தில் இருந்தவன் நான். அவள் கேட்டதெல்லாம் உன்னைத்தான்.

அடுத்த வாரம் தாரணி கூப்பிட்டாள். "மாமா, பாட்டியை வர விடாதது இந்த ஊர் அரசாங்கம். ஐரோப்பா இல்ல. அம்மா கோபத்தைத் தப்பான ஆள் மேல காட்டுறாங்க. நீங்க சொல்லுங்க மாமா, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள். அவள் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. நான் சொல்லி நீ எப்போது கேட்டாய் என்பது பாவம், அவளுக்குத் தெரியாது.

அதில் இன்னொன்றும் இருந்தது. நீ அத்தனை வருடம் அங்கே இருந்தும் "இந்த ஊர்க் குடியுரிமை எடுத்தா ஐசி போயிடும்லா" என்று மலேசிய அடையாள அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கடைசிவரை விடவில்லை. காமன்வெல்த் நாட்டுக்காரி என்பதால் உனக்கு அங்கே ஓட்டு இருந்தது. ரூயிக்கு இல்லை. தன்னைப் பற்றிய முடிவில் தனக்கு ஓட்டில்லை, தன் மாமியாருக்கு இருக்கிறது என்று அவன் ஒரு தடவை வேடிக்கையாகச் சொன்னானாம். தாரணி அதை என்னிடம் சொல்லும்போது அவள் குரலில் வேடிக்கை இல்லை.

பிறகு அந்தக் கூட்டம். தேவாலயத்தை ஒட்டிய மண்டபம், மடக்கு நாற்காலிகள், இரண்டு தரப்பும் வந்து பேசலாம் என்று ஏற்பாடு. நீ எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தாய். ஊதா நிறக் கார்டிகன், நெற்றியில் பொட்டு. ஆங்கிலத்தில் நிதானமாக, வார்டில் நோயாளிக்கு விளக்கம் சொல்வது போல, அம்மாவின் கதையைச் சொன்னாய். கடைசியில் "நான் வரிசையில் நின்று வந்தவள், எல்லாரும் வரிசையில் நிற்கட்டும்" என்றாய். மண்டபமே எழுந்து கைதட்டியது. உனக்கு அவ்வளவு பேர் கைதட்டி நான் பார்த்ததே இல்லை. நீ கொஞ்சம் கூச்சப்பட்டாய். அது வீடியோவில் நன்றாகத் தெரிகிறது.

பின்வரிசையிலிருந்து தாரணி எழுந்தாள். "என் அம்மாவுக்குக் கைதட்டுகிற உங்களில் எத்தனை பேர், கடைவீதியில் என் கணவர் போர்ச்சுகீசில் போன் பேசினால் முறைத்துப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டாள். சிலர் கூச்சல் போட்டார்கள். நீ ஒலிவாங்கியை விடவில்லை. பதில் சொல்ல ஆரம்பித்தாய். அப்போதுதான் அவள் தமிழுக்கு மாறினாள்.

"அம்மா, போதும்மா. ரூயி பின்னாடி நிக்கிறாரு."

நீயும் தமிழிலேயே சொன்னாய், ஒலிவாங்கியில்: "நிக்கட்டும். அவனுக்கும் கேக்கட்டும்."

மண்டபத்தில் அது ஒருவருக்கும் புரியவில்லை. ஏதோ அம்மாவும் மகளும் சமாதானம் பேசுகிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, ஒரு கிழவர் சிரித்தார். ரூயிக்குக்கூட வார்த்தை புரிந்திருக்காது. தாரணியின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டிருப்பான். அவன் கதவைத் திறந்து வெளியே போவதோடு வீடியோ முடிகிறது.

அந்த ஊருக்குப் புரியாதது பினாங்குக்குப் புரிந்தது. யார் அனுப்பினார்களோ, இரண்டு நாளில் நம் சொந்தக்காரர்கள் எல்லார் கைப்பேசியிலும் அது வந்துவிட்டது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் நான் வழக்கமாகச் சாப்பிடும் நாசி கண்டார் கடையில் என் மேசைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். அக்கா பேசுனதுதான் நியாயம் என்று ஒருவர். பெத்த மகளைச் சபையில வச்சு இப்படியா என்று இன்னொருவர். பிறை தொழிற்பேட்டையில் என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன், "விட்டுக் கொடுத்து வாழ்றது ஒரு வாழ்க்கையா, பிரிஞ்சாதான் மரியாதை" என்று மேசையைத் தட்டினான். அவன் எந்த நாட்டைச் சொன்னான் என்றே எனக்குத் தெரியவில்லை. என் சிநேகிதர் காதர் பாய்தான் கடைசியில், "இங்க ஒருத்தனுக்கும் அங்க ஓட்டு இல்ல, சத்தம் மட்டும் இருக்குலா. அண்ணன் சாப்பிடட்டும், விடுங்கப்பா" என்று அதட்டினார். நான் சாப்பிடாமல் கையைக் கழுவினேன்.

விலகுவது என்ற தரப்பு ஜெயித்தது. நீ ஜெயித்தாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீயும் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் தாரணியும் ரூயியும் போர்ச்சுகலுக்கே குடிபோனார்கள். அங்கே தியாகோ பிறந்தான். "அவ கூப்பிடட்டும், போறேன்" என்றாய் நீ. "அம்மா வரணும்னு நெனச்சா வரட்டும், கதவு திறந்துதான் இருக்கு" என்றாள் அவள். உன் செய்தியை அவளிடமும் அவள் செய்தியை உன்னிடமும் கொஞ்சம் இனிப்புச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் கண்டுபிடித்துவிட்டீர்கள். "மாமா, இது அம்மா பேச்சு இல்ல, உங்க பேச்சு" என்பாள் அவள். "தம்பி, நடிக்காதே" என்பாய் நீ.

இங்கே நீ கடைசியாக வந்து தங்கியிருந்தபோது ஒரு சாயங்காலம் உன்னைக் கேட்காமலே தாரணிக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். கைப்பேசியை எடுத்தது தியாகோ. அப்போதுதான் பேசப் பழகிக்கொண்டிருந்தான். திரையை உன் பக்கம் திருப்பினேன். அவன் உன்னைப் பார்த்து என்னென்னவோ சொன்னான். நீ முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டாய்.

"என்ன சொல்றான்?"

"தெரியலக்கா. போர்ச்சுகீசு."

"ஏதோ கேக்குறான் தம்பி. கேள்வி மாதிரி இருக்கு."

அவன் மறுபடியும் அதையே கேட்டான். நம் இரண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னால் தாரணியின் குரல் கேட்டதும் நீ கைப்பேசியை என் கையில் திணித்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாய்.

அழைப்பை முடித்துவிட்டு நான் வந்ததும், அங்கே நின்றபடிதான் அதைச் சொன்னாய். வாக்கு முடிந்த மறுவாரம் சூப்பர் மார்க்கெட்டில் நீ வரிசையில் நின்றபோது பின்னால் நின்றவன் ஒருவன், "எங்கள் நாடு எங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, நீ எப்போது கிளம்புகிறாய்?" என்று கேட்டானாம். நீ திரும்பிப் பார்த்தாயாம். நீ பேசி முடித்தபோது மண்டபத்தில் முதலில் எழுந்து கைதட்டியவன் அவன்.

"என்னக்கா பதில் சொன்னே?"

"என்ன சொல்றது. ரொட்டியும் பாலும் வாங்கிட்டு வந்தேன்." பிறகு, "தாரணிக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அவ ஜெயிச்சுடுவா" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

நீ ஊர் திரும்பிய அடுத்த வருடம் நோய்ப் பரவல் வந்து எல்லா நாடும் எல்லாருக்கும் கதவைச் சாத்தியது. அந்த நேரம் பார்த்து உன் இதயம் நின்றது. தாரணிக்கும் விமானம் இல்லை, எனக்கும் இல்லை. ஒரு சாயங்காலம் கைப்பேசியை இந்த மேசையில் சாய்த்து வைத்து உன் எரியூட்டலை நானும் சாந்தியும் பார்த்தோம். உன்னோடு வேலை பார்த்த நர்ஸுகள் நாலைந்து பேர் தள்ளித் தள்ளி நின்றார்கள். திரையின் ஓரத்துச் சின்னச் சதுரத்தில் தாரணி இருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தத்தை அணைத்து வைத்துவிட்டு அழுதாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டேன். என் பக்கத்தில் சத்தம் அணைந்திருந்தது. அதை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வழி திறந்த பிறகு அவள் ரூயியோடும் தியாகோவோடும் உன் அஸ்தியை இங்கே கொண்டுவந்தாள். காலையில் படகு எடுத்துக் கொஞ்ச தூரம் போய்க் கரைத்தோம். பூசாரி சொல்லச் சொல்ல ரூயிதான் பால் ஊற்றினான். அவனை யாரும் கேட்கவில்லை, அவனாகவே செம்பை வாங்கிக்கொண்டான். திரும்பி வரும்போது எஞ்சின் சத்தத்துக்கு நடுவே தாரணி என் காதருகே குனிந்தாள்.

"மாமா, அம்மா எப்பவாவது தப்பு பண்ணிட்டேன்னு சொன்னாங்களா?"

"இல்லம்மா. சொல்லல."

அவள் தலையாட்டினாள். "சொல்லியிருந்தா அது எங்கம்மாவா இருக்காது" என்றாள். அந்த ஒரு நொடியில் அவள் முகத்தில் உன்மேல் இருந்தது கோபமா பெருமையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அவள் கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை. நீ தப்பென்று சொல்லவே இல்லை. ஆனால் அந்த சூப்பர் மார்க்கெட் வரிசை என் நாக்கில் வந்து நின்றது. சொல்வதற்குள் படகு கரை சேர்ந்துவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். தியாகோ "தாத்தா, சாப்பிட்டீங்களா" என்று தமிழில் கேட்கிறான். அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவளிடம் சொல்லிவிடலாமா என்று நினைக்கிறேன். கைதட்டியவனே உன்னைப் போகச் சொன்னான் என்று தெரிந்தால் அவள் மண்டபத்தில் சொன்னது சரியாகிவிடும். அதைக் கேட்டு அவள் சந்தோஷப்படுவாள் என்றா நினைத்தாய் அக்கா? அவள் உடைந்துபோவாள். சொல்லாமல் இருந்தாலோ, உனக்கு வலித்ததே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். நீ கேட்டுக்கொண்டபடி வாயை மூடிக்கொண்டிருப்பது உனக்குக் கொடுக்கும் மரியாதையா, அவளுக்குச் செய்யும் துரோகமா? இதைச் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். உன்னிடம்தான் இனிக் கேட்க முடியாது.

உன் தம்பி