மிஸ்கீன் பட்டியல்

14 மார்ச் 2025, வெள்ளி

ஜமாஅத் கூட்டம். பெருநாள் அரிசி வேண்டுவோர் ரேஷன் அட்டையும் புகைப்படமும் கொண்டுவந்து பள்ளிவாசலில் பதிய வேண்டுமாம். பட்டியலின் தலைப்பு ‘மிஸ்கீன்கள்’.

எழுந்து சொன்னேன்: ஒன்றுமே இல்லாதவர் ஃபக்கீர். இல்லாமையை வெளியே காட்டாமல், எவரிடமும் கேட்காமல் இருப்பவரே மிஸ்கீன். வரிசையில் நிற்பவர்களை மட்டும் எழுதினால், அந்தப் பெயருக்குரியவர் ஒருவரும் இதில் இருக்கமாட்டார்.

தலைவர் தௌஹீத் சிரித்தார். “கேக்காத ஆளுக்கு எப்படி சார் குடுக்கிறது? கனவுல வந்து அட்ரஸ் சொல்லுவாகளா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. என் பட்டியலை நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

16 மார்ச்

முதல் பெயர் மைதீன் பீவி. கணவர் இல்லை. சிம்மக்கல் கடைகளுக்கு வீட்டிலிருந்தே சட்டைப் பொத்தான் தைக்கிறார். மகள் ஷாஹீதா துணை. நோன்பு திறந்தபின் போனேன்.

“எங்களுக்கு என்ன சார் குறை? இல்லாதவுகளுக்குக் குடுங்க.”

பாலில்லாத டீ தந்தார். பால் ஒத்துக்கொள்ளாதாம். நம்பினேன். பெயரை அடித்துவிட்டேன்.

22 மார்ச்

டீக்கடையில் ஒருவன் நண்பனை ஏசுகிறான்: “போடா மிஸ்கீன்!” சொல் இங்கே வந்து நிற்கிறது.

30 மார்ச், ஞாயிறு

பெருநாளுக்கு முன் ஏழைகளுக்கென்று வீடுதோறும் தரும் ஃபித்ரா அரிசியைப் பள்ளிவாசலில் நான்தான் வாங்கிச் சேர்த்தேன். ஷாஹீதா ஒரு பையை நீட்டினாள். “அம்மா குடுக்கச் சொன்னாங்க சார். ரெண்டு பேருக்கு.” மூட்டையில் கொட்டினேன்.

அவள் போனதும் தௌஹீத் குனிந்து பார்த்தார். “என்ன சார் இது, ரேஷன் அரிசி! மனசே வராது சில ஆளுகளுக்கு.”

தாம் உண்பதிலிருந்துதான் ஃபித்ரா கொடுக்க வேண்டும். அவர்கள் உண்பது இதுதான் — தடித்து, பழுப்பேறியது.

தௌஹீத் மேல கோவப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? விளக்கம் சொன்னதும் நான், பெயரை அடிச்சதும் நான். ச்சே.

ஓர் அரிசி மூட்டையோடு மைதீன் பீவி வீட்டுக்குப் போகட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். “மறுபடி போயி அசிங்கப்படுத்தாதீக. நான் பாத்துக்கிறேன்” என்றாள் நுஸைபா.

31 மார்ச், பெருநாள்

தொழுதுவிட்டு வந்தால் வீட்டில் அடுப்பே எரியவில்லை. நுஸைபா அரிசி, கறி, விறகு எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி மைதீன் பீவி வீட்டு முற்றத்தில் இறக்கியிருந்தாள். “எங்க மாடி வீட்ல புகை போக வழியில்லக்கா. இங்கன ஆக்கிக்கிறேன்” என்றாளாம்.

நானும் அங்கே சாப்பிடப் போனேன். பரிமாறியவர் மைதீன் பீவி. “வாத்தியாருக்கு வயிறு இம்புட்டுத்தானா? கூச்சப்படாதீக சார், நம்ம வீடுதான்.”

சட்டியில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. கிளம்பும்போது நுஸைபா அதை எடுக்கவில்லை. மைதீன் பீவியும் நினைவூட்டவில்லை.