ராயகிரி வரை ஒரு சோதனை நடை

சங்கரன்கோவில்,
ஆகஸ்டு 18.

அன்புள்ள தம்பி பிரவின்ராஜுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று எழுதுகிறேன். ‘அன்புள்ள’ என்பதைக் கடித வழக்கமாக மட்டும் எடுத்துக்கொள். அப்பாவின் கல்லறைக் கல்லில் உன் பெயரை முதலில் செதுக்கி, பி.இ., எம்.எஸ். என்று படிப்பையும் சேர்த்து, மூத்தவனான என்னைக் கீழே வெறும் பெயராக நிறுத்தினாயே, அன்றோடு நமக்குள் பேச்சு நின்றது. நான் படித்த எம்.எஸ்சி., எம்.எட்.டுக்கு அந்தக் கல்லில் இடமா இல்லை? இப்போதும் கல்லறைத் திருநாளில் பூவை வைத்துவிட்டுக் கல்லைப் பார்க்காமல்தான் திரும்புகிறேன். அது கிடக்கட்டும்.

அடுத்த மாதம் இமாச்சலப் பிரதேசத்தில் நீ தனியாக ஆறு நாள் மலையில் நடக்கப் போவது எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரி ஜெஸ்லின் பெங்களூரிலிருந்து உன் அண்ணிக்குப் போன் செய்து அழுதாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் காதில் விழுந்தது. “போன வருஷம் கூட வந்தவங்கள விட்டுட்டுக் குறுக்கு வழியில போயி, ராத்திரி பூரா பாறைக்கடியில கெடந்துட்டு வந்திருக்காவ அக்கா. போன் செத்துப்போச்சாம். எங்கிட்ட மழையில தங்கிட்டேன்னு சொல்லிட்டாவ. வழி காட்டுத மெஷினுல எது நல்லதுன்னு அத்தான்ட்ட கேளுங்க. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிராதீய” என்றாள். அத்தான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று உன் அண்ணி சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிறு வயதிலேயே நீ யாரிடமும் வழி கேட்கமாட்டாய். கரிவலம்வந்தநல்லூருக்கு பஸ் ஏறி, இறங்க வேண்டிய இடத்தை விட்டு, ராஜபாளையத்தில் போய் இறங்கினாய். கண்டக்டரிடம் கேட்டால் என்ன என்று அப்பா அதட்டியபோது, “நான் ராஜபாளையம் பாக்கத்தாம் போனேன்” என்றவன் நீ. பஸ்ஸில் அப்படிச் சொல்லித் தப்பிக்கலாம். பனிமலையில் யாரிடம் சொல்வாய்?

கடையநல்லூரில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் தாஹா என் பழைய மாணவன். சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை துபாயிலிருந்து எடுத்துவர அவனிடம் கேட்டாயாமே. “ஏர்போர்ட்லயே பிடிச்சிருவாங்க சார். உங்க தம்பிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லப்படாதா?” என்றான். அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். பிடிபட்டவர்களைப் பற்றிப் பேப்பரில் வருகிறது. எம்.எஸ். படித்தவனுக்கு இதைக்கூடவா எட்டாம் வகுப்பு புவியியல் வாத்தியார் சொல்ல வேண்டும்?

தாஹாவிடம் இரண்டு ஜிபிஎஸ் வாங்கினேன். ஒன்று, உன்னிடம் இருப்பது போன்ற கைக்கடிகாரம். மற்றது பட்டன் வைத்த கைக்கருவி. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு, கரிவலம் வழியாக ராயகிரி வரை நடந்து, இரவு அங்கே தங்கி, மறுநாள் நடந்தே திரும்பினேன். தார் ரோட்டில் இல்லை, கண்மாய்க்கரையும் வண்டிப்பாதையுமாக. கரிவலத்தில் டீக்கடை சுடலைமணி, “என்ன சார், பஸ்ஸ விட்டு எறக்கி விட்டுட்டானா?” என்று கேட்டுச் சிரித்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், நான் கையைப் பார்த்துக்கொண்டே போவதைக் கண்டு, “அண்ணாச்சி, என்னத்தத் தொலைச்சீய? சொல்லுங்க, நானும் தேடுதேன்” என்றார். கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு நடையை எட்டிப் போட்டேன்.

கடிகாரம் இரண்டாம் நாள் மதியமே அணைந்தது. கைக்கருவி ஒரே ஜோடி பென்சில் பேட்டரியில் கடைசி வரை ஓடியது. திரும்பும்போது சீமைக்கருவேலங்காட்டுக்குள் பாதையைத் தவறவிட்டேன். அந்த ஆட்டுக்காரர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். வழி கேட்கவில்லை. கேட்கப் பிடிக்கவில்லை. இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எத்தனை வருடம் திட்டியிருப்பேன்! கருவி, வந்த வழியைக் கோடாகக் காட்டி என்னை வெளியே கொண்டுவந்தது.

ஆகவே அதையே வைத்துக்கொள். கையுறையோடும் பட்டனை அழுத்தலாம். குளிருக்குச் சாதாரண பேட்டரி தாங்காது, லித்தியம் பேட்டரியாகக் கூடுதலாக எடுத்துப்போ. போகிற இடத்து மேப்பை இங்கேயே ஏற்றிக்கொள். போனிலும் ஒரு மேப் இருக்கட்டும், அணைத்துச் சட்டைக்குள் வை. ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கருவி உனக்கு வழி காட்டும். நீ எங்கே கிடக்கிறாய் என்று எங்களுக்குச் சொல்லாது. போகும் வழியையும் இறங்கும் நாளையும் ஜெஸ்லினிடம் எழுதிக் கொடு. உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள். அவரிடம் வழி கேள்.

கருவி தாஹா கடைப் பெயரில் உனக்கு வரும். நான் நடந்த வழியை அதில் அழிக்காமல் விட்டிருக்கிறேன். திரும்பும் வழியைக் கேட்டுப் பார்த்தால் நம் வீட்டு வாசலைக் காட்டும். பழகிப் பார்ப்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஆண்டவர் உன் கூடவே நடக்கட்டும். கீழே இறங்கியதும் ஜெஸ்லினுக்குச் சொல். அவள் உன் அண்ணிக்குச் சொல்வாள். ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டுவிடும். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு வந்தால், கல்லைப் பற்றிய சண்டையை நேரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் பெயர் போட வேண்டும். போட்டால், அண்ணன் சொன்னான் என்பதற்காகவே நீ கருவியைப் பெட்டியோடு திருப்பி அனுப்புவாய். கையெழுத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்வாய் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துவிடு. இந்த முறை என் பெயர் மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம். இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.